கோலிக்குண்டும் குறிப்பேடும்

நம் பள்ளி அலுவலகத்தின் மர அலமாரியில், கீழ்த்தட்டின் மூலையில், துருப்பிடித்த மைலோ டின் ஒன்று நெடுங்காலமாகக் கிடந்தது. சென்ற ஆண்டிறுதி விடுமுறையில் சுவருக்குச் சாயம் பூசுவதற்காக அலமாரியை நகர்த்தியபோது அதன் மூடி கழன்றது. உள்ளிருந்தவை தரையெங்கும் உருண்டோடின. அவை கோலிக்குண்டுகள். குனிந்து பொறுக்கி எண்ணிப் பார்த்தோம், 214 இருந்தன. "இத்தனை கோலிகள் பள்ளிக்கூடத்திற்கு எப்படி வந்தன?" என்று உடனிருந்த இளம் ஆசிரியை ஒருவர் வியப்புடன் வினவினார். விடை கூறச் சற்றே தயங்கினோம். ஏனெனில் அவை யாவும் மாணவர்களிடமிருந்து பறிக்கப்பட்டவை. நமக்கு முன்பிருந்த ஆசிரியர்கள் பறித்தவை சில. எஞ்சியவற்றைப் பறித்தவர் நாமே.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்த இளமைத் துடிப்போடு நாம் இப்பள்ளியில் முதன்முதலாகக் காலடி எடுத்து வைத்தது 1990களின் தொடக்கத்தில். 'சட்டைப்பையில் கோலி இருந்தால் தலையில் கணக்கு ஏறாது' என்பது அக்காலத்தில் எங்கள் உறுதியான நம்பிக்கை. வகுப்பில் 'கலகல' என்னும் ஒலி எழுந்தால் போதும். காற்சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டச் சொல்வோம். கண்டவற்றையெல்லாம் அந்த டின்னில் போடுவோம். "ஆண்டிறுதியில் தருகிறேன்" என்போம். தந்ததில்லை. எந்தக் கோலி எந்த மாணவனுடையது என்று எழுதி வைத்ததுமில்லை. பறித்தது ஒரு பிழை. எழுதாமல் விட்டது அதனினும் பெரிய பிழை. இதனை ஏன் கூறுகிறோம் என்பதை மாணவச் செல்வங்களும் பெற்றோர் பெருமக்களும் பொறுமையோடு படித்தறிய வேண்டுகின்றோம்.

கோலிகள் கிடைத்த செய்தி பள்ளியில் பரவியதும் இருவகைப் பேச்சுகள் எழுந்தன. "பழங்குப்பையை ஏன் சேர்த்து வைக்க வேண்டும்? குப்பைத் தொட்டியில் கொட்டுங்கள்" என்றனர் சிலர். "அயல்நாடுகளில் ஒரு பழைய கோலி ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு விற்கிறதாம், கைப்பேசியில் பார்த்தோம். நம் பள்ளிக்கும் புதையல் கிடைத்துவிட்டது!" என்றனர் வேறு சிலர். பழம்பொருள் வாங்கும் வணிகர் ஒருவர் நேரில் வந்து டின் முழுவதற்கும் 50 வெள்ளி தருவதாகக் கூறினார். குப்பை என்போர் ஒருபுறம், புதையல் என்போர் மறுபுறம். இரு சாராருமே கோலியைக் கையிலெடுத்து உற்றுப் பார்த்தாரில்லை. பார்த்த பிறகன்றோ ஒரு பொருளின் தரத்தைக் கூற வேண்டும்? ஆகவே ஆறாம் ஆண்டு மாணவர்களை அமரச் செய்து, பூதக்கண்ணாடியும் அளவுகோலும் கொடுத்து, கோலிகளை வகை பிரிக்கத் தொடங்கினோம். பிள்ளைகளோடு நாமும் பாடம் கற்றோம்.

கோலியின் வயதை அறிவதற்கு அது பிறந்த கதையை அறிய வேண்டும். ஜெர்மனி நாட்டின் துரிங்கியா மலைப்பகுதியில் லவுஷா என்றொரு சிற்றூர் உண்டு. 1597ஆம் ஆண்டு முதல் கண்ணாடித் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. அங்குள்ள கைவினைஞர்கள் 1840களில் புதுவகைக் கத்தரி ஒன்றைக் கண்டறிந்தனர். வண்ணக் கண்ணாடி இழைகளை ஒன்றுசேர்த்துத் தெளிந்த கண்ணாடிக்குள் பொதித்து, உலையில் இளக்கி, முறுக்கி நீளமான கோலாக இழுப்பார்கள். அக்கோலின் சூடான நுனியை, சிறு கிண்ணம் போன்ற குழிவுடைய அந்தக் கத்தரியில் வைத்து உருட்டி உருண்டையாக்கி வெட்டுவார்கள். உள்ளே வண்ண இழைகள் சுழன்று நிற்கும் அழகிய கோலி பிறக்கும். பிற்காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பிள்ளைகள் விளையாடிய கண்ணாடிக் கோலிகளுள் பெரும்பாலானவை இவ்வாறு ஜெர்மனியில் கையால் செய்யப்பட்டவையே.

கையால் வெட்டப்பட்ட கோலியில் வெட்டிய இடம் மறையாது. குழந்தைக்குத் தொப்புள் இருப்பது போல, அக்கோலிக்கு ஒரு முனையிலோ இரு முனைகளிலுமோ சொரசொரப்பான தழும்பு இருக்கும். சிலவற்றில் அத்தழும்பைத் தேய்த்து மழுக்கியிருப்பார்கள். ஆயினும் விரல் நுனியால் தடவினால் புலப்படும். உள்ளிருக்கும் வண்ண இழைகள் அந்தத் தழும்பிலிருந்து புறப்பட்டு எதிர்முனைத் தழும்பில் சென்று முடியும். உருண்டையும் முழுமையாக இராது. ஒருபுறம் சற்றே நீண்டோ தட்டையாகவோ இருக்கும். பழங்கோலியை இனங்காண்பதற்கு முதற்பாடம் இதுவே: வண்ணத்தைப் பார்த்து மயங்காதே, தழும்பைத் தேடு.

பின்னர் இயந்திரம் வந்தது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள ஏக்ரன் நகரைச் சேர்ந்த மார்ட்டின் கிறிஸ்டென்சன் என்பவர், கண்ணாடிக் கோலியை உருட்டும் இயந்திரத்திற்கு 1905இல் காப்புரிமை பெற்றார். உருகிய கண்ணாடித் துண்டு, பள்ளம் வெட்டிய உருளைகளுக்கிடையே விழுந்து சுழன்று உருண்டு குளிர்ந்தது. எப்பக்கமும் ஒரே அளவாகச் சுழன்றதால் தழும்பு மறைந்தது. 1914இல் மூண்ட முதல் உலகப்போர் ஜெர்மானியரின் ஏற்றுமதியை முடக்கியது. இயந்திரக் கோலிகள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. 1950ஆம் ஆண்டையொட்டி ஜப்பானியர் வேறொரு வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். தெளிந்த கண்ணாடியின் நடுவே வண்ண இதழ் ஒன்றோ சிலவோ விரிந்து நிற்கும் அதனை ஆங்கிலேயர் 'பூனைக்கண்' என்றனர். மலிவான அக்கோலி உலகெங்கும் பரவியது. அமெரிக்கத் தொழிற்சாலைகளும் அதைப் பின்பற்றின. புகழ்பெற்றிருந்த அக்ரோ அகேட் நிறுவனமோ 1951இல் மூடப்பட்டது.

இந்த ஒரு செய்தியை மட்டும் நன்கு மனத்தில் பதித்துக் கொண்டால் பல பொய்கள் தாமே உதிர்ந்துவிடும். பெற்றோர் ஒருவர் தம் வீட்டிலிருந்து நீல இதழுள்ள கோலி ஒன்றைக் கொண்டு வந்து, "இது ஜப்பான்காரன் காலத்துக் கோலி, என் தாத்தா வைத்திருந்தது" என்றார். அது பூனைக்கண் கோலி. ஜப்பானியர் மலாயாவை ஆண்டது 1942 முதல் 1945 வரை. பூனைக்கண் கோலி சந்தைக்கு வந்ததோ அதற்குச் சில ஆண்டுகள் பிறகு. எனவே அது ஜப்பானில் செய்த கோலியாக இருக்கலாம். ஜப்பான்காரன் காலத்துக் கோலியாக இருக்க முடியாது. தாத்தா பொய் சொல்லவில்லை. 'ஜப்பான் கோலி' என்று அவர் சொன்னதை, கேட்ட பிள்ளைகள் 'ஜப்பான்காரன் காலம்' என்று மாற்றிக்கொண்டிருக்கக் கூடும். எழுதி வைக்காத செய்தி வாய்க்கு வாய் எப்படி உருமாறுகிறது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

நம் டின்னில் இருந்தவற்றுள் 151 பூனைக்கண் கோலிகள். வண்ணங்கள் மேகம் போலக் கலந்து சுழன்ற இயந்திரக் கோலிகள் 38. வண்ணமே இல்லாத, வெளிர்பச்சைக் கண்ணாடிக் குண்டுகள் 11. அவற்றைக் கண்டதும் மாணவர்கள், "இவை அழகில்லாதவை, ஐயா" என்று ஒதுக்கினார்கள். நாமோ மகிழ்ந்தோம். அவை சோடாப் புட்டியின் கோலிகளைப் போன்றவை. இங்கிலாந்தைச் சேர்ந்த ஹைரம் காட் என்பவர் 1872இல் ஒரு புட்டிக்குக் காப்புரிமை பெற்றார். புட்டியின் கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் குண்டு இருக்கும். உள்ளே அடைபட்ட வாயு அக்குண்டை மேலே தள்ளி, வாயிலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுக்கி மூடிவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் குண்டு உள்ளே விழும்; பானம் பொங்கி வரும். தமிழகத்தில் 'கோலி சோடா' என்று இன்றளவும் விளங்கும் அப்புட்டியை நம் பாட்டன்மார் நன்கறிவர். ஜப்பானில் 'ராமுனே' என்னும் பானம் இன்றும் அத்தகைய புட்டியிலேயே விற்கப்படுகிறது. புட்டியை உடைத்துக் கோலியை எடுத்துக்கொள்ளாத சிறுவன் எந்த நாட்டிலும் இருந்ததில்லை போலும். பழைய சோடாப் புட்டிகள் இன்று அரிதாகப் போனதற்குச் சிறுவர்களும் ஒரு காரணமே. சோடாக் கோலியின் அடையாளமும் எளிது: உள்ளே இழை இராது, இதழ் இராது, வண்ணம் புட்டியின் வண்ணமாகவே இருக்கும்.

எஞ்சியவற்றுள் ஆறு இரும்புக் குண்டுகள். அவை கோலிகளே அல்ல. டிராக்டரிலிருந்தும் லாரியிலிருந்தும் கழற்றிய பேரிங் குண்டுகள். எதிரியின் கண்ணாடிக் கோலியைப் பிளப்பதற்கென்றே அவற்றை வைத்திருந்த வீரர்களை நாம் அறிவோம். நான்கு சுட்ட மண் உருண்டைகள். மூன்று, பாதி உடைந்து வகை தெரியாதவை. ஆக 213. இறுதியாக எஞ்சிய ஒன்றைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

மாணவர்களே, வகை பிரிக்கும்போது எச்சரிக்கைகளும் சிலவுண்டு. மண் கோலி என்றால் மிகப் பழையது என்று எண்ணிவிடாதீர்கள். மண்ணில் எக்காலத்தும் உருண்டை பிடிக்கலாம். சில பழைய பச்சை, மஞ்சள் கண்ணாடிகளில் யுரேனியம் சிறிதளவு கலந்திருக்கும். புற ஊதா விளக்கின் கீழே அவை பளீரென்று பச்சையாக ஒளிரும். ஆனால் புதிய கோலிகளிலும் அதனைக் கலந்து செய்வோர் உளர். ஆகவே ஒளிர்வதை மட்டும் நம்பி வயது கூறலாகாது. கையால் செய்த கோலியைப் போலவே இந்நாளில் புதிதாகச் செய்து, பழையதென்று விற்போரும் உளர். ஓர் அடையாளத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புக் கூறாமல், தழும்பு, வடிவம், கண்ணாடியின் நிறம், உட்குமிழி, தேய்வு ஆகிய அனைத்தையும் ஒருங்கே ஆராய்ந்து முடிவு செய்தல் வேண்டும். இது கோலிக்கு மட்டுமன்று, வாழ்க்கைக்கும் ஏற்ற பாடமாகும்.

இனி, நம் கருத்தின் உயிர்நாடிக்கு வருகிறோம். அயல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் ஒரு கோலிக்கு விலை கூறும்போது, முதலில் அதன் மேற்பரப்பைப் பார்க்கிறார்கள். கோலியும் கோலியும் மோதும்போது கண்ணாடியின் உட்புறம் பிறைநிலா வடிவில் சிறு விரிசல் விழும். பிறை கூடக் கூட விலை குறையும். ஒருமுறையும் விளையாடப்படாத கோலிக்கே உச்ச விலை. அதனால் சிலர் பழங்கோலியை இயந்திரத்தில் தேய்த்து மெருகேற்றி விடுகிறார்கள். தேய்த்தால் பிறை மறையும். அதனோடு பழமையைக் காட்டும் தழும்பும் மறையும். நம் பள்ளிக்கு வந்த வணிகரும் அவ்வாறே ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து, "எல்லாம் அடிபட்டவை, ஐயா, இவற்றுக்கு மதிப்பில்லை" என்றார்.

அடிபட்டவை என்பது உண்மையே. ஆனால் அவை எங்கே அடிபட்டன? பிரட்டுக் களத்தின் ஓரத்தில் அடிபட்டன. லயன்களின் முன்வாசலில், ஆயாக் கொட்டகையின் நிழலில், கோயில் திடலில் அடிபட்டன. தாயும் தந்தையும் விடியுமுன்னே பால்மரக் காட்டுக்குச் சென்றுவிட, பள்ளி முடிந்து வந்த பிள்ளைகளுக்குத் துணையாக இருந்தவை இக்கோலிகள். இடக்கையின் கட்டைவிரலைத் தரையில் ஊன்றி, கோலியை நடுவிரலில் வைத்து வில்லைப் போலப் பின்னுக்கு வளைத்து விடும் கலையைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எவரும் வகுப்பில் கற்றுத் தரவில்லை. அண்ணனைப் பார்த்துத் தம்பி கற்றான். சீன நண்பனும் மலாய் நண்பனும் கட்டைவிரலால் சுண்டி எறிவார்கள். நம் பிள்ளை நடுவிரலால் விடுவான். முறை வேறு, குழி ஒன்று. மலாய்க்காரர் அதனைக் 'குலி' என்பர். நாம் 'கோலி' என்போம். இரு சொற்களும் ஒலியால் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன, பாருங்கள்! சந்தை எதனைக் குறை என்று கழிக்கிறதோ, அதுவே நமக்கு வரலாறு. பிறை விழாத கோலி கடையில் இருந்த கோலி. பிறை விழுந்ததே பிள்ளைகளின் கையில் இருந்த கோலி. ஆகையால் மெருகேற்றாதீர்கள் என்பது நம் முதல் வேண்டுகோள்.

ஆனால் பிறை மட்டும் வரலாறு ஆகிவிடாது. அதனோடு எழுத்தும் வேண்டும். இதற்கு நம் ஜொகூர் மாநிலத்திலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. ஜொகூரில் அரசுப் பணியில் இருந்த ஜெரால்டு கார்ட்னர் என்னும் ஆங்கிலேயர், ஜொகூர் ஆற்றங்கரையில் பழங்காலக் கண்ணாடி மணிகளைச் சேகரித்தார். கோலியை விடச் சிறிய, துளையிட்ட மணிகள் அவை. அவர் அவற்றைப் பையில் போட்டுக் கொண்டு போய்விடவில்லை. கண்டதை எழுதினார், 1937இல் அரச ஆசியக் கழகத்தின் இதழில் அக்கட்டுரை வெளிவந்தது. ரோமப் பேரரசோடு மலாயாவுக்குக் கடல்வழித் தொடர்பு இருந்தது என்பதற்கு அம்மணிகள் சான்று என்பது அவர் துணிபு. அத்துணிபை ஏற்போரும் இருக்கலாம், மறுப்போரும் இருக்கலாம். எங்கே கிடைத்தன என்று அவர் எழுதி வைத்ததனால்தான் அவ்விவாதமே இயலுகிறது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் அகழாய்வு நடத்திய மார்ட்டிமர் வீலரும், ஒவ்வொரு பொருளும் மண்ணின் எந்த அடுக்கில் கிடைத்தது என்பதையே தலையாய செய்தியாகக் கொண்டார். அங்கே தமிழ் மண்ணில் செய்யப்பட்டவை போன்ற சிறு கண்ணாடி மணிகள் கடல் கடந்து இத்தீபகற்பத்திலும் கிடைத்துள்ளன. கீழடியில் சிறுவர்கள் ஆடிய சுடுமண் வட்டச் சில்லுகள் கிடைத்தபோது, அவற்றை எவரும் 'விளையாட்டுக் குப்பை' என்று வீசிவிடவில்லை. 2023இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் கீழடிப் பொருள்கள் இன்று போற்றிக் காக்கப்படுகின்றன. அந்தச் சில்லுக்கு உரிய மதிப்பு நம் கோலிக்கு ஏன் இல்லை? இரண்டாயிரம் ஆண்டு கழிந்தால்தான் மதிப்போம் என்பது அறிவுடைமையாகுமா?

பெக்கான் நானாஸ் என்றவுடன் எவரும் அன்னாசியை நினைப்பர். ஊரின் பெயரே அதுதானே! அன்னாசி பயிரிட்ட வரலாறு நன்கு எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் இவ்வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்ந்த பிள்ளைகளின் வரலாற்றை எழுதியவர் யார்? 1950களிலும் 1960களிலும் நாடெங்கும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடலில் பல குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. பின்னர் ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்தது. லயன்கள் இடிந்தன, மக்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். குடிபெயரும்போது நாற்காலியையும் பாத்திரத்தையும் சாமிப் படத்தையும் எடுத்துச் சென்றோம். வாசற்படியின் இடுக்கில் கிடந்த கோலியை எடுத்தவர் எவருமிலர்.

இவ்வாண்டு பெற்றோர் கூட்டத்தன்று வகை பிரித்த கோலிகளை மேசைமேல் பரப்பி வைத்திருந்தோம். ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தந்தை நெடுநேரம் அவற்றைப் பார்த்துக் கொண்டு நின்றார். தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்திற்கு லாரி ஓட்டுபவர், நம்மிடம் பயின்றவர். தயங்கியவாறு அருகில் வந்து, "ஐயா, அந்தப் பச்சைக் கோலி என்னோடது. ஒரு பக்கம் பல்லு ஒடைஞ்ச மாதிரி பேந்திருக்கும், பாருங்க" என்றார். எடுத்துத் திருப்பிப் பார்த்தோம். அவர் சொன்ன இடத்தில் அவர் சொன்னவாறே உடைந்திருந்தது. "என்னோடதுன்னு சொல்றது தப்பு. எங்க அண்ணனோடது. பக்கத்து எஸ்டேட் பசங்ககிட்ட ஜெயிச்சது. கேக்காம எடுத்துட்டு வந்தேன். நீங்க வாங்கி வெச்சுக்கிட்டீங்க. அண்ணன் ஒரு வாரம் என்கூடப் பேசல" என்றார். சிரித்துக் கொண்டுதான் சொன்னார். நம்மால் சிரிக்க முடியவில்லை.

அக்கோலியை அவர் கையில் வைத்து, பிழை பொறுக்கும்படி கேட்டோம். அவர் பதறிப்போனார். சற்று நேரம் அதனை உள்ளங்கையில் உருட்டிக் கொண்டிருந்தார். பின் மேசையிலேயே வைத்துவிட்டு, "பள்ளிக்கூடத்துலயே இருக்கட்டும், ஐயா. எங்க லயன் இப்ப இல்ல. மூணாவது லயன், கடைசி வீடு. அத எழுதி வையுங்க. அண்ணன் பேரையும் எழுதுங்க" என்றார். மகன் தாளும் எழுதுகோலும் கொண்டு வந்தான். தந்தை சொல்லச் சொல்ல மகன் எழுதினான். இடிந்துபோன லயன் ஒன்று அன்று ஒரு சிறு தாளில் மீண்டும் எழுந்து நின்றது.

இப்போது, பின்னர் கூறுவோம் என்ற அந்த 214ஆவது கோலியைப் பற்றிக் கூறுகின்றோம். அது மற்றவற்றைவிடச் சற்றுப் பெரியது, 19 மில்லிமீட்டர். உள்ளே வெள்ளை இழைகளும் சிவப்பு இழையொன்றும் முறுக்கிக் கொண்டு நிற்கின்றன. இரு முனைகளிலும் சொரசொரப்பான தழும்புகள் உள்ளன. தேய்வும் பழமையைக் காட்டுகிறது. கையால் வெட்டிச் செய்யப்பட்டது என்பதில் ஐயமில்லை. நூறு ஆண்டைக் கடந்ததாக இருத்தல் கூடும். டின்னில் உள்ளவற்றுள் விலைமதிப்பு மிக்கது அதுவே. வணிகரும் அதனை மட்டும் மும்முறை எடுத்துப் பார்த்தார். அது எப்படி ஒரு தோட்டத்துப் பிள்ளையின் பைக்குள் வந்தது? துரை வீட்டுக் குழந்தை தூக்கி எறிந்ததா? கப்பலேறி வந்த எவரேனும் மடியில் முடிந்து கொண்டு வந்ததா? தாத்தா பேரனுக்குத் தந்ததா? கேட்டறிய வழியில்லை. யாரிடமிருந்து பறித்தோம் என்று எவரும் எழுதவில்லை. ஐந்து காசு பெறாத பச்சைக் கோலிக்கு ஒரு வீடும் ஓர் அண்ணனும் கிடைத்துவிட்டனர். விலைமதிப்புள்ள கோலியோ அனாதையாக நிற்கிறது. அதனை அனாதையாக்கியது ஆசிரியரின் அலட்சியம். அந்த ஆசிரியர் நாமாகவும் இருக்கலாம்.

ஆகவே நம் கருத்து இதுவே: பழம்பொருளின் மதிப்பு அதன் விலையில் இல்லை, அதனோடு சேர்ந்து நிற்கும் மெய்யான குறிப்பில் இருக்கிறது. குறிப்பில்லாத பொருள் ஊமை. பொய்க்குறிப்போடு நிற்கும் பொருள் பொய்ச்சாட்சி. மெய்க்குறிப்போடு நிற்பதே வரலாறு.

இதனை மறுப்போர் கூறுவனவற்றையும் எண்ணிப் பார்த்தோம். "கோலி சூதாட்டத்திற்கு வழிகாட்டும், சண்டையை வளர்க்கும்" என்பர் சிலர். முற்றிலும் பொய்யென்று தள்ள மாட்டோம். தோற்றவனின் முட்டியை இரத்தம் வர அடித்து மகிழ்ந்த கொடுமையையும் கண்டிருக்கிறோம். அதற்கு மருந்து ஆட்டத்தின் விதியைத் திருத்துவதே. வென்ற கோலியை ஆட்டம் முடிந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று விதி செய்தால் தீர்ந்தது. இங்கிலாந்தில் சசெக்ஸ் வட்டாரத்து டின்ஸ்லி கிரீன் என்னும் சிற்றூரில், 1932 முதல் புனித வெள்ளிதோறும் பெரியவர்களே கூடிக் கோலிப் போட்டி நடத்துகிறார்கள். அதனால் அந்நாடு கெட்டுவிடவில்லை. "படிப்பு என்னாவது?" என்பர் வேறு சிலர். யூபிஎஸ்ஆர் தேர்வே 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. பிள்ளை எதனைக் கற்றான் என்பதை மதிப்பெண் மட்டும் சொல்லாது என்பதை நாடே ஏற்றுக்கொண்டது. விட்டம் அளத்தல், வகைப்படுத்துதல், அட்டவணை போடுதல், முதியோரிடம் வினாத் தொடுத்தல், கேட்டதைப் பிழையின்றித் தமிழில் எழுதுதல் ஆகிய அனைத்தும் இந்தக் கோலிப் பணியில் உள்ளன. கணக்கும் அறிவியலும் வரலாறும் மொழியும் ஒரே மேசையில் கூடியிருக்க, இது படிப்பன்று என்று எவ்வாறு கூறுவது?

பள்ளியின் சார்பில் சில ஏற்பாடுகளைச் செய்துள்ளோம். அலுவலகத்தின் முன்புறத்தில் கண்ணாடிக் கதவுள்ள சிறு அலமாரி ஒன்றை வைத்துள்ளோம். அதனருகே ஒரு குறிப்பேடு இருக்கும். கோலி கொண்டு வருபவர் ஐந்து செய்திகளை எழுத வேண்டும். யாருடையது? எங்கே கிடைத்தது? ஏறத்தாழ எந்த ஆண்டில் விளையாடியது? அளவும் அடையாளமும் யாவை? வீட்டுப் பெரியவர்கள் அதைப்பற்றிச் சொன்னது என்ன? தெரியாதவற்றிற்கு நேராகத் 'தெரியாது' என்றே எழுதலாம், அதில் இழுக்கில்லை. கதையைக் கூட்டி எழுதுவதே இழுக்கு. பள்ளி வளாகத்தில் கோலி விற்பதும் வாங்குவதும் கூடாது. சின்னஞ்சிறு குழந்தைகளின் கைக்கு எட்டும்படி கோலியை வைத்தல் கூடாது. விழுங்கினால் உயிருக்கே ஆபத்தாகும். வணிகர் தருவதாகச் சொன்ன 50 வெள்ளியை நாம் ஏற்கவில்லை.

நம் மாணவர்களிடமிருந்து பறித்தவற்றை உரியவர்கள் எப்போது வந்து கேட்டாலும் தந்துவிடுவோம். டின்னைத் திறந்தே வைத்திருக்கிறோம். இப்பள்ளியில் பயின்ற அன்பர்களே, உங்கள் கோலி அங்கே இருக்கக்கூடும். வாருங்கள்; அடையாளம் கண்டு சொல்லுங்கள்; எடுத்துச் செல்லுங்கள். எடுத்துச் செல்லுமுன் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும். வெள்ளையும் சிவப்பும் முறுக்கிய அந்தப் பெரிய கோலி உங்களுடையதாயின், உங்களைக் காண நாம் பெரிதும் காத்திருக்கிறோம்.

தோட்டத்தில் இன்னும் உழைத்து வரும் அன்பர்களுக்கும் ஒரு சொல். லயன் வீட்டைக் காலி செய்யும் நாள் வந்தால், பூட்டுமுன் ஒருமுறை வாசற்படி இடுக்கையும் சமையற்கட்டுப் பரணையும் பாருங்கள். அங்கே கோலி கிடைக்கலாம், பம்பரம் கிடைக்கலாம், பழைய பால்வாளியின் பிடி கிடைக்கலாம். எறிந்து விடாதீர்கள். உங்கள் பிள்ளையை அழைத்து, அது என்னவென்று சொல்லுங்கள். அவனை எழுதச் சொல்லுங்கள். மாணவச் செல்வங்களே, உங்கள் பாட்டியும் தாத்தாவும் இன்று உங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார்கள். நாளை எழுதலாம் என்று எண்ணாதீர்கள். இன்று மாலையே குறிப்பேட்டை எடுத்துக் கொண்டு அவர்கள் அருகில் அமருங்கள்.